ஆடும் குட்டியும் வெறும் நகல் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சாமுராய் காமிக்ஸ் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். கசுவோ கொய்கே எழுதி, கோசெகி கோஜிமா வரைந்த ‘லோன் வுல்ஃப் அண்ட் கப்’ என்ற மங்காவுக்கு, அதாவது ஜப்பானியக் காமிக்ஸுக்கு, அத்தனை பக்கங்கள் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் ஸ்டான் சகாயின் ‘உசாகி யோஜிம்போ’வைச் அந்த மங்காவின், சிறுவர்களுக்கான விலங்கு நகல் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார் கட்டுரையாளர். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

சகாய் 1953இல் கியோட்டோவில் பிறந்து ஹவாயில் வளர்ந்தவர். வாள்வீரன் மியாமோட்டோ முசாஷியின் வாழ்க்கையை ஒட்டி ஒரு காமிக்ஸ் செய்யத்தான் முதலில் நினைத்திருந்தார். ஒருநாள் முயலின் நீண்ட காதுகளைச் சாமுராய்க் குடுமிபோல உச்சியில் முடிந்து வரைந்து பார்த்தார். அந்த உருவம் பிடித்துப்போனது, உசாகி என்ற அந்த முயலே நாயகனாகிவிட்டது. 1984இல் முதல் கதை வந்தது. அன்றிலிருந்து கதை, ஓவியம், வசன பலூனுக்குள் இருக்கும் எழுத்து எல்லாம் அவர் கையால்தான்.

கட்டுரையாளர் நகல் என்று சொல்வது ஐந்தாம் தொகுப்பில் வரும் ‘லோன் கோட் அண்ட் கிட்’ கதையை மனதில் வைத்துத்தான் என்று நினைக்கிறேன். யாகி என்ற ஆடு கூலிக்குக் கொலை செய்கிறது. அதன் குட்டி கோரோகோரோ தள்ளுவண்டியில் கூடவே வருகிறது. கொய்கேயின் மூலக்கதையில் வரும் ஒகாமி இட்டோவும் மகன் டைகோரோவும்தான் இவர்கள், சகாய் அதை மறைக்கவே இல்லை. கொய்கேயின் மங்கா 1987இலேயே அமெரிக்காவில் ஆங்கிலத்தில் வரத் தொடங்கிவிட்டது. வண்டியைப் பார்த்ததும் வாசகருக்குப் புரிந்துவிடும், புரிய வேண்டும் என்றுதான் வரைந்திருக்கிறார்.

அப்புறம் அவர் செய்வதுதான் முக்கியம். ஓர் ஆட்டை வைத்து நையாண்டி செய்து முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் யாகிக்கு ஒகாமியின் முழுக் கனத்தையும் கொடுக்கிறார். ஒகாமி யார்? ஜப்பானை ஆண்ட படைத்தலைவரான ஷோகனுக்காகத் தலை வெட்டும் பதவியில் இருந்து, யாக்யூ குலத்தின் சதியால் மனைவியையும் பதவியையும் இழந்தவன். தவழும் மகன் முன்னால் பந்தையும் வாளையும் வைத்து, எதைத் தொடுகிறான் என்று பார்த்த தகப்பன். சாமுராய் வாழ்வைத் துறந்து, பழிவாங்கும் நரகப் பாதையைத் தானே தேர்ந்துகொண்டவன். உசாகியும் எஜமானைப் போர்க்களத்தில் இழந்தவன்தான். ஆனால் வழிநடையாகத் திரிந்தாலும் புஷிடோ என்னும் சாமுராய் நெறியை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவன். ஒரே மாதிரி இழப்பிலிருந்து இரண்டு பாதைகளில் பிரிந்துபோன இருவரை வாளோடு எதிரெதிரே நிறுத்துகிறார் சகாய். நகல் எடுப்பவருக்கு இப்படி ஒரு சந்திப்பு தோன்றாது. கொய்கேயை வரிவரியாகப் படித்து ஊறியவருக்குத்தான் தோன்றும். பின்னாளில் ‘ஃபாதர்ஸ் அண்ட் சன்ஸ்’ என்ற 19ஆம் தொகுப்பிலும் ஆட்டையும் குட்டியையும் திரும்ப அழைத்து வருகிறார். அப்போது உசாகியோடு நடப்பது அவன் மகன் ஜோடாரோ.

ஓவியத்திலும் அவர் கோஜிமாவைப் பின்பற்றவில்லை. கோஜிமாவின் தூரிகை முரட்டுத்தனமாக ஓடும், சண்டையில் மை தெறிக்கும், பக்கம் பக்கமாக வசனமே இருக்காது. சகாயின் கோடு தெளிவானது, சுத்தமானது. ரத்தம் காட்டமாட்டார். ஒருவர் செத்தால் வாயிலிருந்து மண்டையோடு போட்ட சிறு பலூன் எழும், அவ்வளவுதான். அதனால் அந்தச் சாவின் வலி குறைந்துவிடுவதில்லை. சிறுவர்கள் படிக்கலாம் என்பதால் சிறுவர்களுக்கு மட்டுமானது என்று எப்படிச் சொல்ல முடியும்? 1999இல் அவருடைய ‘கிராஸ்கட்டர்’ தொடர்கதை அமெரிக்காவில் காமிக்ஸுக்குத் தரும் ஐஸ்னர் விருது வாங்கியதையும் கட்டுரையாளர் கவனித்திருக்கலாம்.

ஜப்பானியத் திரைப்படங்களில் வரும் பார்வையற்ற வாள்வீரன் சடோய்ச்சியை நினைவூட்டும் சடோ இனோ என்ற பன்றியைப் பற்றியும் நிறையச் சொல்ல ஆசை, கடிதம் நீண்டுவிடும்.

ஒரு வேண்டுகோள். இந்தத் தொடர் கட்டுரையின் அடுத்த பகுதியில் சகாய்க்கென்று நாலு பக்கமாவது ஒதுக்குங்கள். உரிய அனுமதி கிடைத்தால் கோஜிமாவின் தள்ளுவண்டிப் பக்கம் ஒன்றையும் சகாயின் பக்கம் ஒன்றையும் அருகருகே அச்சிடுங்கள், சின்னதாக வேண்டாம், முழுப் பக்க அளவில்.

அன்புடன்,
ஒரு காமிக்ஸ் வாசகர்,
திருநெல்வேலி