இறவாணத்தில் செருகிய டம்ளர்

அன்புள்ள கயல்,

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நீ பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட வந்தேன். வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ச் சேர்ந்த பிறகு மூன்று வரி எழுதியிருந்தாய். மாமா வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை. நியாயத்துக்கு இரண்டு பக்கம் கிடையாது. அவரோடு உட்கார்ந்து சாப்பிடுகிற நானும் அவர் பக்கம்தான். இதற்குப் பதில் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் இருவருமே அழுதுவிடுவோம், அதனால்தான் கடிதம்.

அன்று மாமா வீட்டில் நடந்தவை இரண்டு சண்டைகள். அவற்றை நீ ஒரே சண்டையாக நினைத்துக்கொண்டு போய்விட்டாய். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

முதல் சண்டை பஸ்ஸைப் பற்றியது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை அல்லவா, அந்தப் பணத்தில் வாய்க்காலைத் தூர்வாரியிருக்கலாம் என்றார் மாமா. கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத வருத்தம் அவருக்கு. காலையில் டவுனுக்குப் போய்த் துணிக்கடையில் பத்து மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அந்தப் பஸ் காசு கையில் நிற்பது எவ்வளவு பெரிது என்று நீ கேட்டாய். இரண்டு பேரும் நியாயத்தைத்தான் பேசினீர்கள். பாடுபடுகிறவனுக்குப் பலன் போக வேண்டும் என்பது அவருடைய நியாயம். இல்லாதவருக்கு முதலில் போக வேண்டும் என்பது உன்னுடையது. நானும் உன் பக்கம்தான். ஆனால் பேச்சு முற்றியதும், "பெண்கள் வீட்டை விட்டு வெளியே போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை, அதுதான் விஷயம்" என்று சொல்லிவிட்டாய். கயல், பெண் பிள்ளைக்குப் படித்தது போதும் என்று உன் தாத்தா சொன்னபோது ஒரு ஜோடி மாட்டை விற்று என்னை பி.எட். படிக்க அனுப்பியவர் அவர். உனக்கு அது தெரியும். கோபத்தில் தெரியாதவள்போல் பேசினாய்.

நீ கல்லூரி முடித்து வீட்டில் விட்டுப்போன புத்தகங்களைப் பணி ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொன்றாகப் படித்தேன். நீதியைப் பற்றி எழுதிய அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸை மெதுவாக, பென்சிலும் கையுமாகப் படித்தேன். அந்த மனிதர் தன்னையே திருத்திக்கொண்டார் என்பதுதான் என்னை அவரோடு கட்டிப்போட்டது. 1971-ல் வந்த நூலில், நன்றாக அமைந்த ஒரு சமூகத்தில் எல்லோரும் ஒரே நீதிக்கொள்கையை ஒரே மாதிரிக் காரணங்களுக்காக ஏற்றுக்கொள்வார்கள் என்று நம்பினார். பிறகு அந்த நம்பிக்கை நடைமுறைக்கு ஒவ்வாது என்று அவருக்கே தோன்றியது. மனிதர்களைச் சுதந்திரமாக யோசிக்க விட்டால் அவர்கள் பல திசைகளில் யோசிப்பார்கள். எல்லோரையும் ஒரே கொள்கையில் நிறுத்தி வைக்க வேண்டுமென்றால் அரசு தடியைத்தான் எடுக்க வேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேல் யோசித்து 1993-ல் இன்னொரு நூல் எழுதினார்.

அதில் ஒரு பகுதியை நான் மூன்று முறை படித்தேன். அறிவும் நேர்மையும் உள்ளவர்கள்கூட ஏன் ஒத்துப்போவதில்லை என்று அவர் காரணங்களை அடுக்குகிற இடம். சான்றுகள் சிக்கலானவை. எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்பதில் ஆளுக்கு ஆள் வேறுபாடு. நம் சொற்களுக்கே ஓரங்கள் தெளிவாக இருப்பதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவரவர் வாழ்ந்த வாழ்க்கை அவரவர் தராசைச் செய்து கொடுக்கிறது. இதைப் படித்தபோது எனக்கு மாமாவின் வயல்தான் கண்ணில் வந்தது. தண்ணீருக்காக மடையில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவருடைய தராசும், நகரத்து விடுதி அறையில் தனியாகச் சம்பாதித்து வாழும் உன் தராசும் எப்படி ஒன்றாக இருக்கும்? அவருக்கு அறிவு குறைவு என்றோ, மனம் கெட்டது என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1985-ல் நான் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் தேசிய கீதம் பாடும்போது நேராக, கைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிற்பான். வாய் திறக்க மாட்டான். யெகோவா சாட்சிகள் என்ற கிறித்தவச் சபையைச் சேர்ந்த குடும்பம். கேட்டால், "கடவுளைத் தவிர வேறெதையும் பாடிப் போற்றக் கூடாது, டீச்சர்" என்றான். குடிமையியல் சொல்லித் தருகிற எனக்கு அது பொறுக்கவில்லை. ஒரு வாரம் அவனை வகுப்புக்கு வெளியே முட்டி போட வைத்தேன். அவன் அழவில்லை, எதிர்த்துப் பேசவும் இல்லை. அவன் அப்பா வந்து என்னைக் கும்பிட்டுவிட்டு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நாளிதழில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பிஜோய் இம்மானுவேல் எதிர் கேரள அரசு. அதே சபையைச் சேர்ந்த மூன்று பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், நான் அந்தப் பையனைத் தண்டித்த அதே 1985-ல், அதே காரணத்துக்காகப் பள்ளியை விட்டு நீக்கப்பட்டிருந்தார்கள். கீதத்தில் யாருடைய மதத்தையும் புண்படுத்தும் சொல் எதுவும் இல்லையே என்று கேட்டுக் கேரள உயர் நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. நானும் அதே கேள்வியைத்தான் அந்தப் பையனிடம் கேட்டிருந்தேன். நீதிபதி சின்னப்ப ரெட்டியின் தீர்ப்பு அந்தக் கேள்வியையே மாற்றியது. அந்த நம்பிக்கை நமக்கு விசித்திரமாகத் தோன்றலாம். அது நம் அறிவுக்கு ஒத்துவருகிறதா என்பது கேள்வி அல்ல. அவர்கள் அதை உண்மையாகக் கொண்டிருக்கிறார்களா என்பதே கேள்வி. மரியாதையோடு எழுந்து நிற்கிற பிள்ளை யாரையும் அவமதிக்கவில்லை. அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது தீர்ப்பு. நான் அதைப் பணியாளர் அறையில் உட்கார்ந்து படித்தேன். என் பையன் எந்த ஊர்ப் பள்ளிக்குப் போனான் என்று விசாரித்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டிய அமெரிக்க வழக்குகளை நூலகத்தில் தேடிப் படித்தேன். அங்கும் அதே சபை, கொடி வணக்கம் செய்ய மறுத்த பள்ளிப் பிள்ளைகள். 1940-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. அதன் பிறகு பல ஊர்களில் அந்தச் சபையாரைக் கும்பல்கள் அடித்தன. மூன்றே ஆண்டுகளில், உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943 ஜூனில், அதே நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் தீர்ப்பைத் தானே கவிழ்த்தது. முதலில் எதிராக வாக்களித்த சிலரே மனம் மாறியிருந்தார்கள்.

மாறாத ஒருவரைப் பற்றித்தான் உனக்குச் சொல்ல வேண்டும். ஃபீலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டர். வியன்னாவில் பிறந்து பன்னிரண்டு வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதர். 1940 தீர்ப்பை எழுதியவர், 1943-லும் மறுத்து எழுதினார். வரலாற்றிலேயே அதிகம் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்த தனக்கு இந்தச் சுதந்திரங்களின் அருமை தெரியாமல் இல்லை என்றுதான் அந்த மறுப்பு தொடங்குகிறது. சொந்த விருப்பம் என்று பார்த்தால் தானும் மற்ற நீதிபதிகளோடு முழுமனதோடு சேர்ந்துகொள்வேன் என்கிறார். ஆனால், மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்தின் முடிவை நீதிபதிகள் தங்கள் விருப்பத்தால் தள்ளிவிடலாமா என்பது அவருடைய கவலை. அவர் தவறு செய்தார் என்றே நான் நினைக்கிறேன். அதற்காக அவரைப் பிள்ளைகளின் எதிரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பஸ் விஷயத்தில் மாமாவை நீ இப்படிப் பார்த்திருக்கலாம்.

இப்போது இரண்டாவது சண்டைக்கு வருகிறேன். இதில் நீ சொன்னது அத்தனையும் சரி.

அறுவடைக்கு வந்திருந்த அந்தப் பெரியவருக்கு மாட்டுக் கொட்டகை இறவாணத்தில், அந்தக் கூரை விளிம்பில், செருகி வைத்திருந்த டம்ளரை எடுத்து, தூக்கி ஊற்றினார்கள். குடித்து முடித்து அவரே கழுவி அதே இடத்தில் செருகினார். எழுபது வயது இருக்கும் அவருக்கு. நீ கேட்டபோது, "இது எங்கள் வீட்டு வழக்கம். உனக்கு ஒரு கருத்து என்றால் எனக்கு ஒரு கருத்து" என்றார் மாமா. நீ என்னைப் பார்த்தாய். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாற்பது ஆண்டுகளாக அந்த டம்ளரை நான் அண்ணனின் கருத்து என்றே வைத்துக்கொண்டேன். ஒரு சிறுவனின் மனசாட்சியைக் குற்றமாக நினைத்துத் தண்டித்தேன். ஒரு பெரியவருக்குத் தினமும் நடக்கும் குற்றத்தைக் கருத்து என்று நினைத்துப் பொறுத்துக்கொண்டேன். இரண்டு இடத்திலும் தலைகீழாக நின்றிருக்கிறேன், கயல்.

எது கருத்து வேறுபாடு, எது அநியாயம் என்று எப்படிப் பிரிப்பது என்று நீ கேட்பாய். நான் பிடித்துக்கொண்டிருக்கும் வழி இது. அந்த ஏற்பாட்டுக்கான காரணத்தை, அதனால் பாதிக்கப்படுகிறவர் முகத்தைப் பார்த்து, அவரையும் எனக்குச் சமமானவராக வைத்துச் சொல்ல முடியுமா? பஸ் டிக்கெட்டை ஏன் இலவசமாக்கினோம் என்று கடைமடை விவசாயியிடம் போய்ச் சொல்லலாம். அவர் ஒப்புக்கொள்ளாமல் போகலாம், ஆனால் பேச்சு நடக்கும். அந்தப் பெரியவரிடம் டம்ளருக்கு என்ன காரணத்தைச் சொல்வது? வாயைத் திறந்தாலே, நீ எனக்குக் கீழே என்பதைத் தவிர வேறு காரணம் வராது. ரால்ஸும் ஏறக்குறைய இதைத்தான் கேட்கிறார், பரஸ்பரம் என்ற சொல்லை வைத்து. எனக்கு அந்தச் சொல்லைவிட அந்தப் பெரியவரின் முகம் உதவுகிறது.

நம் அரசமைப்பு நிர்ணய சபைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருந்தது. ஆட்சிமொழிக்காக 1949 செப்டம்பரில் எவ்வளவு மோதினார்கள்! எண்களை எந்த வடிவில் எழுதுவது என்பதற்குக்கூடச் சண்டை. கடைசியில் இந்தி ஆட்சிமொழி, ஆங்கிலம் பதினைந்து ஆண்டுக்குத் தொடரும் என்று ஒரு சமரசம். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. அந்தப் பதினைந்து ஆண்டு 1965-ல் முடிந்தபோது நம் ஊர் எப்படிக் கொதித்தது என்பதை உன் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறாய். அந்த விவாதம் இன்றும் தீரவில்லை. அதே சபை 1948 நவம்பர் 29-ல் தீண்டாமையை ஒழிக்கும் பிரிவை ஏற்றது, இன்று அது 17-வது பிரிவு. அதற்குப் பதினைந்து ஆண்டு வேண்டாம், ஒரு நாள் அவகாசம்கூட அதில் எழுதப்படவில்லை. மொழிக்குச் சமரசம் தேடியவர்கள் தீண்டாமைக்குச் சமரசம் தேடவில்லை. ஆனால் எழுதியதும் நடப்பதும் ஒன்றல்ல என்று அம்பேத்கருக்குத் தெரியும். 1949 நவம்பர் 25-ல், முரண்பாடுகள் நிறைந்த வாழ்க்கைக்குள் நுழையப் போகிறோம் என்று எச்சரித்தார். அரசியலில் சமத்துவம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமத்துவமின்மை. அந்த முரண்பாடு நம் வீட்டில் மாட்டுக் கொட்டகை இறவாணத்தில் செருகியிருந்தது.

அதனால் போன வியாழக்கிழமை மாமா வீட்டுக்குப் போனேன். கடைசி வயலில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய்ச் சமையலறையில் மற்ற டம்ளர்களோடு போட்டுக் கழுவினேன். எல்லோருக்கும் ஒரே தட்டில் காபி எடுத்துக்கொண்டு களத்துக்குப் போனேன். அந்தப் பெரியவர் கையை நீட்டவில்லை. "ஐயா, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் எடுத்தார். அப்போதும் உதட்டில் படாமல் தூக்கித்தான் குடித்தார். அண்ணி திகைத்து நின்றார். "உன் மகள் சொல்லிக் கொடுத்ததா?" என்று கேட்டார் அண்ணன். "நாற்பது வருடத்துக்கு முன்பே நானாகச் செய்திருக்க வேண்டும் அண்ணா" என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் பக்கம் போய்விட்டார்.

ஐந்து நாள் பேசவில்லை. நேற்று இரவு போன் செய்தார். டம்ளரைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அது மறுபடி இறவாணத்துக்குப் போய்விட்டதா என்று ஞாயிற்றுக்கிழமை போகும்போது பார்ப்பேன். போயிருந்தால் மறுபடியும் எடுப்பேன். வைகாசியில் வரும் தன் மகள் கல்யாணத்துக்கு நீ ரயில் டிக்கெட் எடுத்துவிட்டாயா என்று மட்டும் இரண்டு முறை கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
அம்மா