அந்த நோட்டு மலையிலேயே இருக்க வேண்டும்

திண்டுக்கல் மாவட்ட சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும், மலையிலிருந்து இறங்கி வரும் எங்களைப் பார்க்கும் பெரிய ஆஸ்பத்திரி மருத்துவர்களுக்கும்,

வணக்கம். கொடைக்கானல் கீழ்மலையில் காபியும் மிளகும் வைத்திருக்கிற குடும்பம் எங்களுடையது. மூன்று வருடங்களுக்கு முன் கார்த்திகையில், காபிப் பழம் பறிக்கிற நேரத்தில், அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. பக்கத்து ஊரில் இருந்த இளம் டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். விடால் டெஸ்டில் டைபாய்டு என்று வந்தது. ஐந்து நாள் ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கவில்லை. ஆறாம் நாள் இரவு மூச்சு வாங்க ஆரம்பித்தது. வண்டி பிடித்து, வத்தலக்குண்டு ரோட்டில் ஒவ்வொரு வளைவுக்கும் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு கீழே போய்ச் சேர்ந்தோம்.

கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா அம்மாவைப் புரட்டிப் பார்த்தார். இடுப்பில் சேலை இறுகும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல ஒரு கருப்புப் பொருக்கு. வலியில்லாததால் அம்மாவுக்கே அது தெரியாது. "இது ஸ்க்ரப் டைபஸ்" என்றார். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்குச் சட்டென்று தென்படாத உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. டைபாய்டுக்குப் போடும் ஊசி இதற்குக் கேட்காது. டாக்ஸிசைக்ளின் என்ற விலை குறைந்த மாத்திரை கேட்கும். தாமதமானால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் பிடித்துவிடும். அம்மா ஒன்பது நாள் தீவிர சிகிச்சையில் இருந்து பிழைத்தார்.

நான் எழுத வந்தது இதற்குப் பிறகு நடந்ததைப் பற்றி.

ஊர் திரும்பியதும் அந்த இளம் டாக்டரிடம் போய்ச் சொன்னேன். கோபத்தோடு போகவில்லை, சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவர் முகம் வாடிவிட்டது. பொருக்கு எங்கே இருந்தது, எத்தனையாம் நாளில் மூச்சு வாங்கியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "ரெண்டு வருஷமா இங்க இருக்கேன். கீழ அனுப்பின ஒருத்தருக்கு என்ன ஆச்சுன்னு என்கிட்ட வந்து சொன்ன முதல் ஆள் நீங்கதான்."

அந்தப் பனிக்காலம் முழுக்க, காய்ச்சல் என்று வந்தவர்களின் அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு என்று தேடிப் பார்த்தார். எங்கள் தெருவிலேயே ஒரு அக்காவுக்கு மூன்றாம் நாளில் கண்டுபிடித்தார். அவர் மலை இறங்கவே தேவைப்படவில்லை. சரி, அடுத்த வருடம் டாக்டருக்கு மாற்றல் வந்தது. நோட்டும் அவரோடு போய்விட்டது. புதிதாக வந்தவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார்.

ஐயா, அம்மா, நான் கேட்பது இந்த ஒன்றைத்தான். அந்த நோட்டு மலையிலேயே இருக்க வேண்டும். ஒருவருக்கு நேர்ந்ததிலிருந்து அடுத்தவருக்கு வைத்தியம் தெளிய வேண்டும். 'கற்றுக்கொள்ளும் சுகாதார அமைப்பு' என்று 2007லேயே அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் என்ற மருத்துவ ஆலோசனை அமைப்பு எழுதியது இதைத்தான். 2015இல் அமெரிக்காவிலிருந்தே வந்த இன்னொரு அறிக்கை, பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் ஒரு முறையாவது நோயைத் தவறாகவோ தாமதமாகவோ கணிப்பதற்கு ஆளாவார்கள் என்றது. உலக சுகாதார நிறுவனமும் 2024ஆம் ஆண்டின் நோயாளர் பாதுகாப்பு நாளுக்கு நோயைச் சரியாகக் கண்டறிவதையே கருப்பொருளாக வைத்தது. ஆகவே எங்கள் மலைக்கு மட்டுமான குறையாக இதை நான் சொல்லவில்லை. ஆனால் மலையில் இதன் விலை அதிகம்.

திரும்பி வராத நோயாளி குணமாகிவிட்டார் என்றே இங்கே எல்லோரும் நினைத்துக்கொள்கிறோம். மலையில் திரும்பி வராததற்கு வேறு காரணங்கள் உண்டு. பஸ் காசு இருக்காது. பறிப்பு வேலையை விட முடியாது. பளியர் பழங்குடிக் குடியிருப்பிலிருந்து வந்தவர் என்றால் இரண்டாம் முறை நடந்து வர உடம்பில் தெம்பிருக்காது. கீழே போய் இறந்தே போயிருக்கலாம். அந்தச் செய்தி ஊருக்குத் தெரியும். முதலில் பார்த்த டாக்டருக்குத் தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் கொடுக்கும் டிஸ்சார்ஜ் சம்மரியின் ஒரு நகல், நோயாளியை முதலில் பார்த்த இடத்துக்குப் போகட்டும். ரத்த மாதிரியின் முடிவும் அப்படியே. காய்ச்சலுக்கு மருந்து வாங்கிப் போனவருக்கு மூன்றாம் நாள் கிராம சுகாதார செவிலியர் ஒரு போன் போடட்டும். சிக்னல் இல்லாத ஊரென்றால் ஆள் மூலம் விசாரிக்கலாம். திண்டுக்கல்லில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாதம் ஒரு நாள் அங்குள்ளவர்களும் மேல்மலை, கீழ்மலை டாக்டர்களும் உட்கார்ந்து, கணிப்பு மாறிப்போன நோயாளிகளைப் பற்றிப் பேசட்டும். அங்கே பேசியதை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த மாதம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். அந்த இளம் டாக்டர் என்னிடம் மனம் திறந்து கேட்டதற்குக் காரணம், நான் பழி சொல்ல வரவில்லை என்று அவருக்குத் தெரிந்ததுதான்.

முடியாத காரியம் என்று சொல்லிவிடாதீர்கள். கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் எண் கொடுத்துப் பிரசவம் வரை தொடர்வது நம் தமிழ்நாடுதான். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் ஏன், எங்கே தாமதம் என்று உட்கார்ந்து ஆராயும் வழக்கமும் இங்கே பல வருடங்களாக இருக்கிறது. எத்தனையோ தாய்மார் அதனால் பிழைத்திருக்கிறார்கள். அதே கவனத்தில் கொஞ்சத்தைக் காய்ச்சலோடு வரும் காபித் தோட்டத்துப் பெண்ணுக்கும் கொடுங்கள்.

மழை நின்று குளிர் தொடங்கினால் இந்தக் காய்ச்சலின் காலம். அதற்குள் முதல் கூட்டத்தை வையுங்கள். அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரி இன்னும் எங்கள் வீட்டு மஞ்சப்பையில் இருக்கிறது. தேதியை மட்டும் சொல்லுங்கள், எடுத்துக்கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கீழ்மலைக் காபி விவசாயி ஒருவர்