விரலை மேலே தூக்கிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகளுக்கு வரும் தலைவலி பற்றி உங்கள் நாளிதழில் போன வாரம் வந்த கட்டுரையைத் தறி ஓட்டி முடித்த கையோடு படித்தேன். போன் பார்ப்பது, தூக்கம் கெடுவது, தண்ணீர் குடிக்காதது எல்லாம் இருந்தது. எங்கள் வீட்டில் நடந்தது அதில் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் குடியாத்தத்தில் லுங்கி நெய்கிறவன். போன வருஷம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் வாணவேடிக்கை பார்க்க 14 வயது மகனைக் கூட்டிப் போயிருந்தேன். அவன் கழுத்தைப் பின்னால் மடக்கி, முதுகையும் வளைத்து, விழாத குறையாக நின்று வானத்தைப் பார்த்தான். "என்னடா, கழுத்து பிடிச்சிக்கிச்சா?" என்று கேட்டுச் சிரித்தேன். அதற்கும் முன்னால் இருந்தே உயரமாக வருகிற கேட்சையெல்லாம் விட்டுக்கொண்டிருந்தானாம். கூட விளையாடுகிற பசங்க அவனை டீமை விட்டே எடுத்துவிட்டார்கள். இதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

அப்புறம் தலைவலி தொடங்கியது. விடிகாலையில் எழுந்ததும் வலி, ஒரு வாந்தி. பத்து மணிக்கெல்லாம் தெளிந்து நாலு இட்லி சாப்பிட்டுவிடுவான். பித்தம் என்றாள் என் அம்மா. கேஸ் என்று மாத்திரை கொடுத்தார் ஒரு டாக்டர். ஒரு கண் ஆஸ்பத்திரியில் எழுத்துப் பலகையைப் படிக்க வைத்து, பவர் என்று கண்ணாடி போட்டார்கள். "நைனா, ரெண்டு ரெண்டா தெரியுது" என்று சொன்னபோது கண்ணாடியை மாற்றிக் கொடுத்தார்கள். நாலு மாதம் இப்படியே போனது.

கடைசியில் வேறொரு இடத்தில், வயதில் சின்ன டாக்டரம்மா ஒருவர், தன் பேனாவை அவன் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல மேலே தூக்கினார். பேனா போனது, கண் போகவில்லை. பாதியில் நின்று, கருவிழி இரண்டும் உள்பக்கமாகத் துடித்தன. டார்ச் அடித்தால் கண்ணின் நடுவில் இருக்கிற பாப்பா சுருங்கவில்லை, பக்கத்தில் இருக்கிற விரலைப் பார்க்கச் சொன்னால் சுருங்கியது. கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறது என்று சொல்லி, அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதினார். மொத்தம் இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

மூளையின் நட்டநடுவில் மிளகு அளவில் பீனியல் சுரப்பி என்று ஒன்று இருக்கிறது. இரவு தூக்கத்துக்கான மெலடோனினைச் சுரப்பது அதுதான். அந்த இடத்தில் கட்டி. கண்ணை மேலே தூக்குகிற நரம்புகள் அதற்கு ஒட்டினாற்போல் இருப்பதால் அவை அழுந்திவிட்டன. மூளைநீர் இறங்குகிற குறுகிய வழியும் அடைபட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தது. காலை வலிக்கும் வாந்திக்கும் அதுதான் காரணம். இந்தியாவின் முதல் மூளை நரம்பு அறுவைத் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-ல் தொடங்கியது வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில்தான். எந்தெந்த மாநிலத்திலிருந்தோ ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். பக்கத்து ஊரில் இருந்துகொண்டு நான் பித்தத்துக்கு இஞ்சிச் சாறு கொடுத்துக்கொண்டிருந்தேன்.

வேலூரில் ரத்தம் எடுத்தபோது ஒரு கூத்து. ஏ.எஃப்.பி., பீட்டா எச்.சி.ஜி. என்று இரண்டு சோதனை எழுதியிருந்தார்கள். இரண்டாவது, கர்ப்பம் பார்க்கிற சோதனையாயிற்றே என்று என் மனைவி நர்ஸிடம் சண்டைக்கே போய்விட்டாள். அந்த இடத்தில் வருகிற சில கட்டிகள் அதே பொருளைச் சுரக்குமாம். ரத்தத்திலும் மூளைநீரிலும் அது எவ்வளவு இருக்கிறது என்பதை வைத்தே சில சமயம் கட்டியின் இனத்தைச் சொல்லிவிடலாம், கத்தியே தேவைப்படாது என்றார்கள். இவனுக்கு அதில் முடிவு கிடைக்கவில்லை. அதனால் தலையில் சின்னத் துளை போட்டு, எண்டோஸ்கோப்பி என்கிற கேமரா குழாய் வழியாக மூளைநீருக்கு ஒரு மாற்று வழி திறந்துவிட்டு, அதே துளையில் கட்டியிலிருந்து ஒரு துணுக்கும் எடுத்தார்கள். நீர் வடிய டியூப் எதுவும் உள்ளே வைக்கவில்லை. மறுநாள் காலை தலைவலி இல்லாமல் எழுந்தான்.

கட்டியை எடுக்காமலே வெளியே வந்ததைச் சொந்தக்காரர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. "எடுக்கத் தெரியாமத்தான் மூடிட்டாங்க" என்றார் மச்சான். முழுசாக எடுத்துத் தருவதாக யாரோ சொன்னார்கள் என்று வேறு ஊருக்குக் கூட்டிப் போகவும் பார்த்தார். நானும் கிட்டத்தட்ட கிளம்பிவிட்டேன். சோதனை முடிவில் ஜெர்மினோமா என்று வந்தது. பதின்ம வயதுப் பையன்களுக்கே அதிகம் வருவது, மருந்துக்கும் கதிர்வீச்சுக்கும் கரைந்துவிடுவது, பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குணமாகிறார்கள் என்றார்கள். பெரிய ரத்தக்குழாய்கள் சூழ்ந்த இடத்தில் கத்தி வைத்து அதை வெட்டியெடுக்க வேண்டிய தேவையே இல்லையாம். அதே இடத்தில் வருகிற வேறு சில கட்டிகளுக்கு ஆபரேஷன்தான் வழி. சின்னக் குழந்தைகளுக்கு வருகிற பீனியோபிளாஸ்டோமா என்ற கட்டி பொல்லாதது. இடம் ஒன்று, நோய் வேறு வேறு. பெயர் தெரிவதற்கு முன்னால் அவசரப்பட்டு ஓடியிருந்தால் என் பிள்ளை என்ன ஆகியிருப்பான் என்று இன்றைக்கும் வயிறு கலங்குகிறது.

முதுகுத்தண்டுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள், அங்கே பரவவில்லை. நாலு தவணை கீமோ, அப்புறம் கதிர்வீச்சு. தினமும் பஸ்ஸில் போய் வந்தோம். முடி கொட்டி, திரும்ப முளைத்துவிட்டது.

இன்னொன்று. ஸ்கேன் ரிப்போர்ட்டில் பீனியல் நீர்க்கட்டி என்று பார்த்துவிட்டு எங்கள் தெருவில் ஒரு அம்மா ஒரு வாரம் அழுதார். அது பலருக்கு இருப்பதுதான், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்று அவருடைய டாக்டரே சொல்லி அனுப்பினார். அந்த அம்மாவுக்கு இருப்பதும் என் மகன் நோயும் ஒன்றல்ல.

பள்ளிகளில் கண் பரிசோதனை நடத்தி இலவசக் கண்ணாடி கொடுக்கிறார்கள், நல்ல காரியம். எழுத்துப் பலகையோடு சேர்த்து, தலையை அசைக்காமல் விரலைப் பார்க்கச் சொல்லி, அந்த விரலை மேலே தூக்கிப் பார்க்கட்டும். அதற்குக் கருவியும் வேண்டாம், காசும் வேண்டாம். காலை வாந்தியோடு தலைவலி என்று வருகிற பிள்ளைக்கு டாக்டர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

இந்த வருஷ வாணவேடிக்கைக்கும் போனோம். கண் முழுசாக மேலே ஏறவில்லை, முக்கால்வாசி ஏறுகிறது. கிரிக்கெட்டில் இப்போது அம்பயராக நிற்கிறான். சிக்ஸர் போனால் மட்டும் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்குகிறான்.

பையன் பள்ளியில் படிக்கிறான், பெயர் போட வேண்டாம்.

- ஒரு நெசவாளர், குடியாத்தம்.