அளந்தவன் கால் பட்டது

கிருஷ்ணகிரி,
ஆடி 27

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அது குறைந்த அளவுக்கு வாய் கூடியிருக்கிறது. ஏன் என்பது கீழே வரும்.

தினமும் போனில் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனை எடுத்ததும் பேத்தியின் முகத்தைக் காட்டிவிடுகிறாய். அதற்குப் பிறகு எனக்குச் சொல்ல வந்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை. நாங்கள் இங்கே லான் பவுல்ஸ் ஆடும் களத்துச் சமாசாரத்தை மாதம் ஒரு கடிதமாக எழுதுகிறேன் என்று நான் சொன்னபோது மாப்பிள்ளை சிரித்தார். இது மூன்றாவது கடிதம் என்று அவரிடம் சொல்.

இந்த மாதம் ஆட்டம் குறைவுதான். பதினெட்டாம் பெருக்கை ஒட்டிய ஞாயிறன்று பாதிப் பேர் ஒகேனக்கல்லுக்கும் மீதிப் பேர் கே.ஆர்.பி. அணைக்கும் போய்விட்டார்கள். அதற்கு முந்தைய ஞாயிறு காற்று. ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, எங்கள் மதிப்பெண் அட்டை பறந்து மாந்தோப்புக்குள் போய்விட்டது. தோத்தாபுரி பறித்து முடித்த மரங்களுக்கு நடுவே ஏழு பேர் வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு தேடினோம், கிடைக்கவில்லை. அட்டை கிடைக்காது என்று உறுதியானதும் இரண்டு அணிகளுமே முன்னிலையில் இருந்ததாகத் தெரியவந்தது.

இன்னொரு தொல்லை குண்டுகள். ஆஸ்திரேலியாவில் நீங்கள் ஜாக் என்று சொல்லும் சின்னப் பந்துக்கு இங்கே 'குட்டி' என்று பெயர். அதற்குக் கிட்டத்தில் போய் நிற்கும்படி நாம் உருட்டுகிற பெரிய பந்து குண்டு. சாலையை அகலப்படுத்த வெட்டிய புளியமரத்துத் துண்டுகளை வாங்கிக் கடைசல் பட்டறையில் கொடுத்து எட்டுக் குண்டு செய்தோம் அல்லவா, அவற்றில் நான்கு கோடை வெயிலில் வெடித்துவிட்டன. வேப்பெண்ணெய் தடவி நிழலில் வையுங்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். சரி, போகட்டும். மறுபடி நான்கு செய்யக் கொடுத்தோம். போன முறை செய்தவர் ஊரில் இல்லை, அவருடைய மகன் இருந்தான். ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக இழைக்க வேண்டும், அப்போதுதான் உருளும்போது வளையும் என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு பழைய குண்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை போனால் நான்கும் முழு உருண்டையாக, எலுமிச்சம்பழம் போல உட்கார்ந்திருக்கின்றன. "மாதிரியே கோணலாக இருந்தது ஐயா. அதையும் சேர்த்துச் சரிசெய்துவிட்டேன், அதற்குக் காசு வேண்டாம்" என்றான். கட்டில் கால் கடைகிற குடும்பம், கோணலைக் கண்டால் கை சும்மா இருக்குமா? பழைய காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஒரு பக்கம் ஈயத்தை ஊற்றி வளையவைத்தார்கள், இப்போது வடிவத்திலேயே அந்தக் கோணலைக் கொண்டுவருகிறார்கள் என்று விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தான்.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்துவிட்டான். வளைகிற பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பித்தளைக் குமிழ் அடித்திருக்கிறோம். ஒரு குண்டு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அங்கே ஒன்றரைக் கிலோவைத் தூக்கி உருட்டிய எனக்கு இது பஞ்சு.

களத்தைப் பற்றி மாப்பிள்ளை கேட்டிருந்தார். அணைக்குப் போகிற சாலையில், ஹெட்மாஸ்டரின் அப்பா காலத்துக் கேழ்வரகுக் களம் அது. இப்போது கதிரைத் தார்ச்சாலையில் பரப்பி, போகிற வருகிற லாரிகளை வைத்தே அடித்துக்கொள்கிறார்கள். களம் சும்மா கிடந்தது. செம்மண்ணைக் கெட்டித்து, சாணம் மெழுகி வைத்திருக்கிறோம். நீளம் 96 அடி. விதிப்படி 31 மீட்டராவது வேண்டும், ஏறக்குறைய ஆறடி குறைகிறது. பக்கத்து வரப்பைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளலாமே என்றார் கண்டக்டர். ஒரு சர்வேயரிடம் சொல்கிற பேச்சா அது?

உன் அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அவள் களத்துக்கு வந்தது டீ கொண்டுவரத்தான். ஒருநாள் டீயைக் கீழே வைத்துவிட்டு, கொடுங்கள் பார்க்கலாம் என்று ஒரு குண்டை வாங்கி உருட்டினாள். அது வளைந்து போய்க் குட்டியைத் தொட்டுக்கொண்டு நின்றது. தொட்ட குண்டுக்கு அங்கே சாக்பீஸால் குறி போடுவார்கள் அல்லவா, இங்கே ஹெட்மாஸ்டர் மடியிலிருந்து திருநீற்றை எடுத்துப் பூசுவார். அன்று முதல் பூச்சு உன் அம்மாவின் குண்டுக்கு. மறுவாரம் அவளும் ஆட வருகிறாள் என்றதும் ரேஞ்சர் முகத்தைச் சுளித்தார். பெண்கள் வந்தால் பேச்சு மாறிவிடும் என்றார். நாங்கள் என்னவோ வேதாந்தம் பேசிக்கொண்டிருக்கிற மாதிரி.

நீ அனுப்பிய செய்தியை உன் அம்மா அப்போதுதான் எடுத்தாள். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் நால்வர் ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 17-10 என்று வென்று தங்கம் வாங்கியவர்கள் லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி என்ற நான்கு பெண்கள். இந்த ஆட்டத்தில் காமன்வெல்த்தில் இந்தியாவுக்கு அதுதான் முதல் பதக்கம். ஆண்களுக்கு அந்த முறை வெள்ளிதான். இதையெல்லாம் பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிவிட்டு, "நயன்மோனிக்கு அப்போது அசாம் வனத்துறையில்தான் வேலை, உங்கள் துறைதான் அண்ணா" என்று முடித்தாள். ரேஞ்சர் ஒன்றும் பேசாமல் அவளுக்கு ஒரு குண்டை எடுத்துக் கொடுத்தார். இப்போது மூன்று பெண்கள் வருகிறார்கள்.

மாதக் கடைசி ஞாயிறு எல்லோருக்கும் அங்கேயே சாப்பாடு. கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல், டீக்கு நிப்பட்டு. உங்கள் கிளப்பில் இறைச்சியைப் பரிசாக வைத்து நடத்தும் குலுக்கலைப் போல நாங்களும் பத்து ரூபாய்ச் சீட்டுப் போட்டோம். லாட்டரி என்று சொன்னால் 2003இலேயே தடை செய்தாயிற்று என்று கண்டக்டர் பயந்தார், அதனால் குலுக்கல் என்றே எழுதினோம். பரிசு ஒரு நாட்டுச் சேவல். அது முட்டைகூடத் தொடாத ஹெட்மாஸ்டருக்கு விழுந்தது. விற்க மனமில்லாமல் வீட்டில் கட்டிவைத்திருக்கிறார். நாலு மணிக்கே கூவுகிறதாம். அவர் தெருவில் எங்கள் சங்கத்துக்கு நல்ல பெயர் இல்லை.

போன ஞாயிறு நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். சுற்றிச் சுற்றி வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கடைசிச் சுற்று. நானும் ரேஞ்சரும் ஒரு பக்கம், கண்டக்டரும் உன் அம்மாவும் எதிர்ப்பக்கம். இரண்டு அணிகளும் சமம். குட்டிக்கு இந்தப் பக்கம் ரேஞ்சரின் குண்டு, அந்தப் பக்கம் உன் அம்மாவின் குண்டு. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அளக்க வேண்டும் என்றால் அங்கே நான்தான். 66 அடிச் சங்கிலி பிடித்துத் தொடங்கியவன் நான், தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்திலிருந்து 34 வருடம் அளந்தவன். நாடாவை எடுத்துக்கொண்டு குனிந்தேன். ரேஞ்சரின் குண்டை அளந்தேன். உன் அம்மாவின் குண்டுப் பக்கம் திரும்பும்போது என் கால் பெருவிரல் குட்டியில் பட்டது. அது ஒரு விரற்கடை நகர்ந்தது, ரேஞ்சரின் குண்டுப் பக்கமாக. எல்லோரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அளந்தேன். ரேஞ்சருக்கு என்று சொன்னேன். எங்கள் அணி ஜெயித்தது.

நிமிர்ந்தபோது உன் அம்மா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை. டம்ளர்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பார்வை எனக்குப் புதிதில்லை, பாப்பா. பிப்ரவரியில் ஜீலாங்கில் உங்கள் கிளப்பிலிருந்து வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நீ அப்படித்தான் பார்த்தாய். கிழவர்களோடு பந்து உருட்டுவதற்கா உன்னை எஞ்சினியருக்குப் படிக்கவைத்தேன் என்று கேட்டேன். நீ கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தாய், பிறகு சாலையைப் பார்த்து ஓட்டினாய். அடுத்த சனிக்கிழமை வேலை இருக்கிறது என்று சொல்லி நீ போகவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வேலை. எனக்குத் தெரியும். தெரிந்தும், தெரியாதவன் போலப் பேப்பர் படித்தேன்.

குழந்தை பிறந்த சமயம் மாப்பிள்ளை ஊரில் இல்லாதபோது உங்கள் கிளப்பில் ஆடும் அந்த எண்பத்தொரு வயது அம்மாள்தான் இரண்டு வாரம் தினமும் சூப் கொண்டுவந்து கொடுத்தார் என்று நீ எனக்குச் சொல்லவில்லை. இங்கே வந்த பிறகு உன் அம்மா சொன்னாள். முன்பே தெரிந்திருந்தால் பேசியிருக்க மாட்டேன் என்று எழுத நினைத்தேன். அதுவும் சரியில்லை. சூப் கொண்டுவராதவர்களாக இருந்தாலும் நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.

அந்த அம்மாள் அளந்ததை நான் பார்த்தேன். பையிலிருந்து நூல் மாதிரி ஒன்றை எடுத்து, முழங்காலிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அளந்தார். அவருடைய குண்டே தோற்றது. உடனே எதிரணிக்காரரைப் பார்த்துச் சிரித்தார், அவரும் சிரித்தார். நான் அளந்து முடித்த பிறகு இரண்டு தரப்பும் சிரித்து என் வேலைக் காலத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஒரு தரப்பு அழும், மற்றது அரிவாளைப் பார்க்கும். கல் நட்ட இடம் தப்பு என்று தெரிந்தும் நான் வாய் திறக்காமல் வந்த நாட்களும் உண்டு. மேலதிகாரி, கோப்பு, காலம் என்று அதற்குக் காரணம் வைத்திருந்தேன். களத்தில் எனக்கு எந்த மேலதிகாரி?

டீ குடித்து முடிப்பதற்குள் எழுந்து நின்று சொல்லிவிட்டேன். என் கால் பட்டது, குட்டி நகர்ந்தது, உன் அம்மாவின் குண்டுதான் கிட்டத்தில் இருந்தது என்று. ரேஞ்சர் இன்னும் கோபமாக இருக்கிறார். ஜெயித்தாயிற்று, பேசாமல் இருந்திருக்கலாமே என்பது அவர் கட்சி. கண்டக்டர் சிரித்தார், டிக்கெட் கொடுத்த காலத்தில் தான் கொடுக்காமல் விட்ட சில்லறைக் கணக்கை இன்று எடுக்க வேண்டாம் என்றார். ஹெட்மாஸ்டர் குண்டைக் கையில் எடுத்து, "கோணலாக உருள்வதுதான் சார் வாழ்க்கை" என்று ஆரம்பித்தார். உன் அம்மா அவர் கையில் ஒரு நிப்பட்டைக் கொடுத்தாள், பேச்சு நின்றது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சொன்னது ஒன்றுதான்: "பாப்பாவுக்கும் எழுதிவிடுங்கள்."

எழுதிவிட்டேன். அன்று நான் சொன்னது தப்பு, பாப்பா.

இப்போது ஒரு காரியம். அங்கே குளிர், புல்தரையை மூடியிருப்பார்கள். செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ மறுபடி திறப்பார்கள் என்று நீதான் சொன்னாய். திறந்ததும் போய் அந்த அம்மாளிடம் ஒன்று கேட்டு எழுது. அளக்கிறவன் கால் பட்டுக் குட்டி நகர்ந்தால், இருந்த இடத்துக்கே வைத்து அளக்க வேண்டுமா, அந்தச் சுற்றையே திரும்ப ஆட வேண்டுமா, எதிரணிக்கே கொடுத்துவிட வேண்டுமா? எங்களுக்குள் மூன்று கட்சி. புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டாம், அவர் சொன்னால் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம் என்று முடிவாகியிருக்கிறது. கேட்கச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொல். அன்று மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்றால் அடையாளம் தெரியும்.

பேத்திக்கு முத்தம். மாப்பிள்ளைக்கு ஆசி.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பதில் வரும்வரை அந்தச் சுற்றுக்கு எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறோம். அட்டை இந்த முறை உன் அம்மாவிடம் இருக்கிறது. ரேஞ்சர் தினமும் போன் செய்து, ஆஸ்திரேலியாவிலிருந்து தகவல் வந்ததா என்று கேட்கிறார்.