பழைய பிசியை எடைக்குப் போடும் முன்: புதுச்சேரி, கடலூர் கேமிங் சென்டர் உரிமையாளர்களுக்கு

மதிப்பிற்குரிய உரிமையாளர்களே, வணக்கம்.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெல் பிராசஸர் என்றால் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. லாஸ்பேட்டையிலோ திருப்பாதிரிப்புலியூரிலோ ஏழாம் தலைமுறை ஐ5-ஐயும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யையும் வைத்துக் கடை நடத்துகிறவருக்கு இப்போது இரண்டு யோசனைகள் வந்து சேரும். பிசி விற்கிறவர் மொத்தமாக மாற்றச் சொல்வார். கடைக்கு வரும் பொறியியல் மாணவர் விண்டோஸை எடுத்துவிட்டு மொத்தமாக லினக்ஸ் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடச் சொல்வார். இரண்டையும் அப்படியே கேட்க வேண்டாம் என்பதே எங்கள் வேண்டுகோள். சில பிசிகளை லினக்ஸுக்கு மாற்றலாம், நன்றாகவே ஓடும். எத்தனை என்பதை உங்கள் கடையில் எந்த கேமுக்குக் காசு வருகிறது என்பதுதான் சொல்லும்.

ஆகவே முதல் வேலை ஒரு நோட்டும் பேனாவும். இரண்டு வாரத்துக்கு எந்த கேம் எத்தனை மணி நேரம் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலை எடுத்துக்கொண்டு உட்காருவோம்.

வேலரண்ட் லினக்ஸில் ஓடாது. லீக் ஆஃப் லெஜண்ட்ஸும் 2024-இல் வேன்கார்ட் என்ற ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்) வந்த பிறகு ஓடாது. ஃபோர்ட்நைட், பப்ஜியின் பிசி பதிப்பு, கால் ஆஃப் டூட்டி வார்சோன் ஆகியவையும் அப்படித்தான். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. 2024 அக்டோபர் 31 அன்று அதை வெளியிடும் இஏ நிறுவனமே லினக்ஸை அடைத்துவிட்டது. ஜிடிஏ 5 கதைப் பகுதி அழகாக ஓடும், ஆனால் 2024 செப்டம்பர் 17 முதல் ஆன்லைனுக்குள் நுழைய முடியாது. நம் பக்கத்துக் கடைகளை அதிகம் பாதிக்கப்போவது கால்பந்துதான்: ஃபிஃபா 23-இல் தொடங்கி இஏ எஃப்சி வரிசை முழுக்க இஏ-வின் சொந்த ஆன்டி-சீட்டோடு வருகிறது, லினக்ஸில் திறக்காது.

காரணம் எளிது. புரோட்டான் என்பது ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018 ஆகஸ்டில் வெளியிட்ட மொழிபெயர்ப்பு அடுக்கு. விண்டோஸுக்காக எழுதிய கேம் கேட்பதையெல்லாம் லினக்ஸ் புரிந்துகொள்ளும்படி மாற்றித் தரும்; விண்டோஸின் கிராஃபிக்ஸ் மொழியான டைரக்ட்எக்ஸில் 11-ஐ டிஎக்ஸ்விகே, 12-ஐ விகேடி3டி என்ற பகுதிகள் லினக்ஸுக்குத் தெரிந்த வல்கன் என்ற கிராஃபிக்ஸ் மொழியாக்கும். வேன்கார்ட் போன்றவை விண்டோஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே போய் உட்கார வேண்டியவை. இங்கே அந்தக் கெர்னலே இல்லை. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ என்ற வேறு இரண்டு ஆன்டி-சீட்களும் 2021 முதல் புரோட்டானுக்கு வழி வைத்திருக்கின்றன, ஆனால் கேமைச் செய்தவர் அதை இயக்கிவிட வேண்டும், பலர் இயக்குவதில்லை. இதற்கெல்லாம் 'ஒரு ட்ரிக் இருக்கு' என்று யூடியூபில் யாராவது சொன்னால் கடையில் முயன்று பார்க்காதீர்கள். தடைபடப்போவது வாடிக்கையாளரின் ஐடி.

மறுபக்கம் கவுன்டர்-ஸ்டிரைக் 2-உம் டோட்டா 2-உம் லினக்ஸுக்கென்றே வெளியாகும் கேம்கள். எல்டன் ரிங், சைபர்பங்க் 2077, ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-இன் கதைப் பகுதி, ஃபோர்சா ஹொரைசன் 5, டெக்கன் 8 எல்லாம் புரோட்டானில் ஓடுகின்றன. மற்றவற்றுக்கு, எந்த கேம் எப்படி ஓடுகிறது என்று ஆடுபவர்களே எழுதும் புரோட்டான்டிபி தளத்தில் பெயரைத் தேடி, கடைசி சில மாதக் குறிப்புகளை மட்டும் படியுங்கள். மூன்று வருடத்துக்கு முன் எழுதியது இன்றைக்கு உதவாது.

அடுத்தது கிராஃபிக்ஸ் கார்டு. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

ஏஎம்டி ஆர்எக்ஸ் 570, 580 வைத்திருப்பவர்கள் பாக்கியசாலிகள்: டிரைவர் லினக்ஸோடே வருகிறது, எதையும் போட வேண்டாம். என்விடியா ஜிடிஎக்ஸ் 1650, ஆர்டிஎக்ஸ் 2060 முதல் மேலே உள்ளவையும் சிக்கலில்லை. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு 580 என்ற டிரைவர் வரிசைதான் கடைசி. ஆர்ச் வழிவந்தவை போல எப்போதும் புதியதையே இழுக்கும் டிஸ்ட்ரோவை (லினக்ஸின் ஒரு வகையை) இந்தக் கார்டில் போட்டால், ஒருநாள் அப்டேட் முடிந்ததும் கருப்புத் திரைதான் மிஞ்சும். 580-ஐ நிறுத்தி வைத்திருக்கும் டிஸ்ட்ரோவே இந்தக் கார்டுகளுக்குச் சரி. அதோடு 1050 டிஐ, 1060-இல் டைரக்ட்எக்ஸ் 11 கேம்களை நம்பிக் கொடுக்கலாம். டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸில் ஓடியதைவிட வேகம் வெகுவாகக் குறையும். ஜிடிஎக்ஸ் 660, 760 போன்ற கெப்லர் என்ற பழைய தலைமுறைக் கார்டுகளை விட்டுவிடுங்கள். டிஎக்ஸ்விகே 2-க்கு வல்கன் 1.3 வேண்டும், அந்தக் கார்டுகளின் கடைசி டிரைவரான 470-இல் அது இல்லை. 750 டிஐ எண்ணில் அவற்றோடு சேர்ந்தாலும் உள்ளே அடுத்த தலைமுறையான மேக்ஸ்வெல். அது 580-இல் ஓடும்.

எந்த டிஸ்ட்ரோ? வீட்டுக்கு எது வேண்டுமானாலும் போடலாம், அது அவரவர் ருசி. கடைக்கு பசைட் என்று சொல்வோம். இது ஃபெடோரா என்ற டிஸ்ட்ரோவை அடிப்படையாகக் கொண்டது. சிஸ்டம் பகுதி பூட்டியே இருக்கும், விளையாட வந்தவர் எதையாவது நோண்டிக் கெடுக்க முடியாது. அப்டேட் தனியாக ஓரத்தில் எழுதப்பட்டு அடுத்த பூட்டில்தான் நடப்புக்கு வரும். ஐப்பசி கார்த்திகை மழையில் அப்டேட் நடுவே கரண்ட் போனாலும் பழையது அப்படியே இருக்கும். புதியது சரியில்லை என்றால் பூட் மெனுவில் முந்தையதைத் தேர்ந்தெடுத்தால் போதும். டவுன்லோட் பக்கத்தில் கார்டு என்ன என்று கேட்கும். என்விடியாவுக்கு 900/1000 வரிசைக்கு ஒன்று, 1650-க்கு மேல் ஒன்று என்று வேறுவேறு ஐஎஸ்ஓ (நிறுவும் கோப்பு) உண்டு. மாற்றி எடுத்தால் படம் வராது.

ஒரே பிசியில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டையும் வைக்கிற ஆசை வரும். வேண்டாம். விண்டோஸ் 11-இல் வேலரண்டுக்கு செக்யூர் பூட்டும் (பிசி தொடங்கும்போதே நடக்கும் பாதுகாப்புச் சோதனை) டிபிஎம்-உம் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். லினக்ஸில் என்விடியா டிரைவர் ஏறவில்லையென்று யாராவது பயாஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டுப் போவார். மறுநாள் வேலரண்ட் வேன் 9003 என்று பிழை காட்டி நிற்கும். சனிக்கிழமை மாலையில் கடை நிறையக் கூட்டத்தை வைத்துக்கொண்டு பயாஸைத் தேட வேண்டியிருக்கும். புதிய பிசிகள் விண்டோஸுக்கு, பழையவை லினக்ஸுக்கு என்று பிரித்துவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

ஹார்ட் டிஸ்க் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை: பழைய விண்டோஸ் டிரைவில் கிடக்கும் ஸ்டீம் கேம்களை அங்கேயே வைத்து ஓட்டாதீர்கள். விண்டோஸின் வடிவமான என்டிஎஃப்எஸ் டிரைவில் புரோட்டான் உண்டாக்கும் சில கோப்புப் பெயர்கள் ஒத்துப்போகாது. கேம் 'பிளே' அழுத்தியதும் ஒரு நொடி ஓடி நின்றுவிடும், காரணமும் சொல்லாது. டிரைவை லினக்ஸின் வடிவங்களான எக்ஸ்ட்4 அல்லது பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கு ஃபார்மட் செய்துவிட்டு கேமை மறுபடி ஏற்றுங்கள். நூறு ஜிபி கேமை ஒவ்வொரு பிசிக்கும் இன்டர்நெட்டில் இறக்க வேண்டியதில்லை. ஸ்டீம் செட்டிங்ஸில் டவுன்லோட்ஸ் பகுதியில் உள்ளூர் நெட்வொர்க்கில் கேமை மாற்றும் வசதி உண்டு. கிகாபிட் ஸ்விட்ச் இருந்தால் நொடிக்கு 110 எம்பி அளவு, அதாவது நூறு ஜிபிக்குக் கால் மணி நேரத்தை ஒட்டி. டிஸ்க் மெதுவானால் கூடும். பழைய நூறு மெகாபிட் ஸ்விட்ச் என்றால் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல். ஸ்விட்ச் கிகாபிட்டாக இருந்தும் மெதுவாகப் போனால் கேபிளைப் பாருங்கள்: எட்டு கம்பியில் நான்கு மட்டும் கிரிம்ப் செய்திருப்பார்கள், அல்லது உப்புக்காற்றில் முனை பச்சை பிடித்திருக்கும்.

டிஸ்ப்ளேயில் முதல் கோளாறு மிகச் சாதாரணமானது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் 60-இல் நின்றிருக்கும், யாரும் கவனிக்க மாட்டார்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே பகுதிக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட்டை மாற்றுங்கள். அங்கேயே அடாப்டிவ் சிங்க்கை (மானிட்டரின் வேகத்தைக் கேமின் வேகத்தோடு ஒத்துப்போக வைப்பது) 'ஆட்டோமேடிக்' என்று வையுங்கள். ஸ்கேலிங்கை 125 சதவீதமாக்கி, பழைய எக்ஸ்11 அப்ளிகேஷன்களை 'சிஸ்டமே பெரிதாக்கட்டும்' என்று விட்டிருந்தால் கேமுக்குள் முழு ரெசல்யூஷன் தெரியாது, படம் மங்கும். 'அப்ளிகேஷனே பார்த்துக்கொள்ளட்டும்' என்ற தேர்வுதான் கேமுக்குச் சரி. சோபா போட்டு 4கே டிவி வைத்திருப்பவர்கள் கவனிக்க: ஏஎம்டியின் திறந்த டிரைவரில் எச்டிஎம்ஐ 2.1 வருவதற்கு, அந்தத் தரத்தை வகுக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024-இல் அனுமதி மறுத்தது. ஏஎம்டி கார்டிலிருந்து நேரடி எச்டிஎம்ஐ கேபிளில் முழு நிறத்தோடு 4கே 120 ஹெர்ட்ஸை எதிர்பார்த்து டிவி வாங்காதீர்கள். 1080பி மானிட்டர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

கன்ட்ரோலர்கள். டூயல்சென்ஸ், டூயல்ஷாக் 4 இரண்டுக்கும் கெர்னலிலேயே டிரைவர் உண்டு. எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர் யூஎஸ்பி கேபிளில் உடனே வேலை செய்யும். ப்ளூடூத்தில் இணைந்து இணைந்து அறுந்தால் அதன் ஃபர்ம்வேர் பழையது. அதைப் புதுப்பிக்க விண்டோஸ் பிசியோ எக்ஸ்பாக்ஸோ தேவை, கடையில் ஒரு விண்டோஸ் பிசியை விட்டுவைக்க இதுவும் ஒரு காரணம். விலை குறைந்த கன்ட்ரோலர்களில் எக்ஸ்-இன்புட், டி-இன்புட் என இரண்டு மோட் இருக்கும். பட்டன்கள் தாறுமாறாக வந்தால் ஹோம் அல்லது மோட் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்து எக்ஸ்-இன்புட்டுக்கு மாற்றுங்கள். ஒரு அழுத்தத்துக்கு மெனு இரண்டு படி நகர்ந்தால் அந்த கேம் நிஜக் கன்ட்ரோலரையும் ஸ்டீம் உருவாக்கிய போலிக் கன்ட்ரோலரையும் சேர்த்துப் பார்க்கிறது. கேமின் ப்ராப்பர்ட்டீஸில் கன்ட்ரோலர் பகுதியில் ஸ்டீம் இன்புட்டை அணையுங்கள். வயர்லெஸ் கன்ட்ரோலரின் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் டாங்கிளை நீல நிற யூஎஸ்பி 3 போர்ட்டில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3 அதே அலைவரிசையில் இரைச்சல் எழுப்பும். முன்பக்க யூஎஸ்பி 2 போர்ட்டோ ஒரு சிறு எக்ஸ்டென்ஷன் கேபிளோ போதும். சிஎஸ்ஆர் 4.0 என்று மலிவாகக் கிடைக்கும் ப்ளூடூத் டாங்கிள்களில் பெரும்பாலானவை போலி. வாங்காதீர்கள்.

கையடக்கக் கருவிகளை வாடகைக்கோ விற்பனைக்கோ வைக்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தை. ஸ்டீம் டெக்கை வால்வ் இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. இங்கே கிடைப்பது இறக்குமதிச் சரக்கு, வாரன்டியை விற்கிறவரிடம் எழுதி வாங்குங்கள். அசூஸின் 'ஆர்ஓஜி அல்லை' இங்கேயே கிடைக்கிறது, பசைட்டும் அதில் ஏறும். டெக்கை டாக்கில் (டிவியோடு இணைக்கும் தாங்கி) போட்டு டிவியில் காட்டும்போது படம் கொழகொழவென்று தெரிந்தால், கேம் இன்னும் 1280க்கு 800-இலேயே ஓடுகிறது. ப்ராப்பர்ட்டீஸில் கேம் ரெசல்யூஷனை உயர்த்துங்கள். கையில் வைத்து ஆடும்போது எல்சிடி மாடலில் 40 ஃபிரேம், ஓஎல்இடியில் 45 ஃபிரேம் என்று கட்டிவைத்தால் ஆட்டமும் சீராக இருக்கும், பேட்டரியும் நிற்கும். நாள் முழுக்கச் சார்ஜரிலேயே கிடக்கும் கருவிக்கு, டெக்கின் சிஸ்டமான ஸ்டீம்ஓஎஸ் 3.7-இல் வந்த சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் வையுங்கள்.

சொந்த ஸ்டீம் ஐடி ஒன்றை வைத்துக்கொண்டு பத்து பிசியில் காசு வாங்கி ஆடவிடுவது ஸ்டீமின் விதிப்படி செல்லாது. இப்படிப்பட்ட கடைகளுக்கென்றே வால்வ் பிசி கஃபே திட்டம் வைத்திருக்கிறது, விண்ணப்பித்துப் பாருங்கள்.

பத்து பிசி இருந்தால் இரண்டில் தொடங்குங்கள். முதல்முறை கேமைத் திறக்கும்போது வல்கன் ஷேடர்களை (கார்டு படம் வரையப் பயன்படுத்தும் சிறு நிரல்கள்) தயார் செய்யச் சில நிமிடம் எடுக்கும்; வாடிக்கையாளரின் நேரத்தில் அதைக் கழிக்காமல், காலையில் கடை திறந்ததும் ஒவ்வொரு கேமையும் நீங்களே ஒருமுறை திறந்து மூடிவிடுங்கள். அந்த இரண்டு மானிட்டரின் மேலும் 'வேலரண்ட், எஃப்சி, ஜிடிஏ ஆன்லைன் இதில் இல்லை' என்று பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். காசு வாங்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

இப்படிக்கு,
லினக்ஸில் விளையாடும் புதுவை, கடலூர்க்காரர்கள் சிலர்