பென்சில் கோடு

டொங்காட், தென்னாப்பிரிக்கா,
பிப்ரவரி 11

அன்புள்ள மகள் வாசுகிக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். உன் நலமறிய ஆவல். கேப் டவுனிலிருந்து நீ அனுப்பிய உறை செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. உள்ளே கடிதம் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று உன் அம்மா அதை இரண்டு முறை உதறிப் பார்த்தாள். காளான் விழாவின் நிகழ்ச்சித் தாள் ஒன்றுதான் இருந்தது. அதில் உன் பெயர் அச்சாகியிருந்த இடத்தின் கீழே பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தாய். அந்தக் கோட்டையே கடிதமாக எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஊரார் கூடி நடத்தும் விழா என்றதும் சமையலும் பாட்டும் இருக்கும் என்று நினைத்தேனே தவிர, ஒரே நாளில் ஐந்து விளக்கவுரைகள் இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. பூஞ்சை தாவரமும் அல்ல, விலங்கும் அல்ல என்பதை முதல் பேச்சாளர் விளக்கப் போகிறார். இதுவரை பெயர் சூட்டப்பட்ட பூஞ்சை இனங்கள் சுமார் ஒன்றரை லட்சம் என்றும், உலகில் 22 முதல் 38 லட்சம் வரை இருக்கலாம் என்றும் நீ ஒருமுறை தொலைபேசியில் சொன்னாய். அன்று நான் செய்தித்தாளை மடக்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தேன்; இருந்தும் எண்கள் மறக்கவில்லை. இரண்டாவது, பைன் தோப்பில் நடந்துகொண்டே கேட்கும் பேச்சு. என் முழங்கால் அதற்கு ஒத்துக்கொள்ளாது. சிப்பிக் காளானைப் பையில் வளர்ப்பது பற்றிய மூன்றாவது பேச்சின் மேல் உன் அம்மாவுக்கு ஆசை. வைக்கோலுக்குப் பதிலாகக் கரும்புச் சக்கை போடலாமா என்கிறாள். போடலாம் என்று நான் சொல்லிவிட்டேன். நீ சொன்னால்தான் நம்புவாளாம்.

நான்காவது பேச்சு நம்முடையது, மகோவே என்று நாம் சொல்லும் புற்றுக் காளானைப் பற்றியது. கறையான்கள் புற்றுக்குள்ளே தோட்டம் போட்டு, மென்று பக்குவப்படுத்திய இலைச் சருகிலும் மரத்துண்டிலும் அந்தப் பூஞ்சையை வளர்த்து உண்கின்றன என்பதையும், மழைக்குப் பிறகு அந்தத் தோட்டத்திலிருந்து நீண்ட வேரோடு மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் நாம் உண்ணும் குடை என்பதையும் நீ எனக்கு விளக்கியபோது, என் தாயாருக்கு, உன் ஆயாவுக்கு, இதெல்லாம் தெரிந்திருந்ததா என்று கேட்டாய். கறையான் பயிர் செய்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் முதல் இடிமழைக்குப் பின் கரும்புக் காட்டின் ஓரத்தில் எந்தப் புற்றருகே எத்தனையாவது நாள் போய் நிற்க வேண்டும் என்பது தெரியும். வேரை மண்ணிலேயே விட்டுவிட்டுக் கத்தியால் அறுப்பாள். இழுத்துப் பிடுங்கினால் என் முதுகில் ஒன்று விழும். சாம்பியாவில் இதே குடும்பத்துக் காளானின் குடை ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் என்று நீ சொன்னாயே, அதைக் கேட்க அவள் இல்லாமல் போனாள். இன்றைக்கும் மழை பெய்து வெறித்த காலையில் சாலையோரம் சுலு பெண்கள் குடைகளை அடுக்கி வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், வண்டியை நிறுத்தி, தேவைக்கு மேலேயே வாங்கிவிடுகிறேன்.

ஐந்தாவது பேச்சு உன்னுடையது. நச்சுக் காளான்களைப் பற்றி நீ பேசுவதற்கு, தமிழ் வகுப்பு நடத்தி ஓய்ந்த நான் யோசனை சொல்வது பொருத்தமில்லைதான். இருந்தாலும் சொல்கிறேன். மெதுவாகப் பேசு. வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய நச்சுச் சோதனை எதுவும் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிடு. நீ கேப் டவுனில் பதினெட்டு ஆண்டுகள் இருந்துவிட்டவள். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்கிறது, காளானும் இலையுதிர்காலத்தில் தொடங்குகிறது. அங்குள்ளவர்கள் ஓக், பைன் மரங்களின் அடியில் தேடுகிறார்கள். இங்கே கோடை மழை. இங்குள்ளவர்கள் புற்றருகிலும் புல்தரையிலும் தேடுகிறவர்கள். இந்த ஊர் மழையில் நனைந்து வளர்ந்தவள் நீ என்பதை மறந்துவிட்டுப் பேசாதே.

ஐரோப்பாவிலிருந்து ஓக் மரங்களோடு கப்பலேறி வந்த டெத் கேப் என்னும் நச்சுக் காளானைப் பற்றி நிச்சயமாகப் பேசுவாய். வெளிர்பச்சைக் குடை, குடையின் அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் வெள்ளைச் செவுள், தண்டில் வளையம், அடியில் மண்ணுக்குள் மறைந்திருக்கும் பை என்று அடையாளங்களைச் சொல்வாய். அரைக் குடை ஒரு ஆளைக் கொல்லப் போதும் என்பதையும், வேகவைத்தாலும் உலர்த்தினாலும் அந்த நஞ்சு அழியாது என்பதையும் சொல்வாய். எனக்கு அச்சம் தருவது அதுவல்ல. உண்டவருக்கு முதல் ஆறு மணி நேரமாவது ஒன்றும் தெரிவதில்லை. பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வருகின்றன. அடுத்த நாள் அவை தணிந்து, ஆள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி கேட்கிறார். வீட்டார் நிம்மதியாக இருக்கும் அந்த நேரத்தில் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கிறது. இந்த இடத்தில் பேச்சை நிறுத்தி, கூடத்தில் இருப்பவர்களின் முகங்களைப் பார். உடம்பு தேறிவிட்டது என்று நினைத்து மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடக் கூடாது என்பதை இரண்டு முறை சொல். சோதனை எதுவும் கிடையாது என்பதையும் மறுபடி சொல். பூச்சி அரித்திருந்தால் நல்ல காளான் என்பதும், மஞ்சள் போட்டால் நஞ்சு தெரியும் என்பதும், வெள்ளி கறுக்காவிட்டால் சாப்பிடலாம் என்பதும் வீண்பேச்சு என்று சொல்.

வாசுகி, கோடு உன் பெயரின் கீழே இருந்தது என்று மேலே எழுதினேன். அது சரியல்ல. உன் பெயருக்கு அடுத்த வரியில், 'வெள்ளிக் காசும் பிற பொய்ச் சோதனைகளும்' என்று நீ வைத்திருக்கும் தலைப்பின் கீழே இருக்கிறது அந்தக் கோடு. உன் அம்மாவிடமும் பெயரின் கீழே என்றுதான் சொன்னேன். கண்ணாடி போடாமல் அவளால் படிக்க முடியாது.

1999 மார்ச்சில், கோயில் மண்டபத்து வகுப்பில் 'நாய்க்குடை' என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போது, காளான் கொதிக்கும் பானையில் வெள்ளிக் காசைப் போட வேண்டும், காசு கறுத்தால் நஞ்சு, கறுக்காவிட்டால் உணவு என்று சொன்னது நான். என் தாயார் செய்து பார்த்த முறை என்றும் சேர்த்துச் சொன்னேன். ஆயா ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. வெள்ளிக் காசு அவளிடம் ஏது? அவள் புற்றைப் பார்த்தாள், வேரைப் பார்த்தாள். சந்தேகம் வந்தால் வீசி எறிந்தாள். நான் எங்கேயோ படித்ததை, பிள்ளைகள் நம்ப வேண்டும் என்பதற்காக அவள் வாயில் வைத்தேன். வெள்ளி கறுப்பது கந்தகத்தால்; காளானின் நஞ்சுக்கும் அதற்கும் தொடர்பு இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

பத்து நாள் கழித்து நம் தெருக்கோடி வீட்டார் விளையாட்டுத் திடலில் பெரிய வெள்ளைக் குடைகளைப் பறித்து, பேத்தியின் கொலுசைப் போட்டு வேகவைத்து, கொலுசு வெள்ளையாகவே இருந்ததால் குழம்பு வைத்துச் சாப்பிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஐந்து பேரும் மருத்துவமனைக்குப் போனதை நீ மறந்திருக்க மாட்டாய். முற்றியதும் செவுள் பச்சையாக மாறும் புல்தரைக் காளான் அது. வெள்ளைத் தாளின் மேல் குடையைக் கவிழ்த்து, மேலே தம்ளரை மூடி ஓர் இரவு வைத்திருந்தால் தாளில் பச்சைப் பொடி விழுந்திருக்கும் என்று அன்றே நீ சொன்னாய். உனக்குப் பதினான்கு வயது. எல்லோரும் பிழைத்து வந்தது அவர்களுடைய நல்ல காலம், என்னுடையதும்.

அந்த வீட்டுப் பெரியம்மா நம் வாசலில் வந்து நின்று, ஊரெல்லாம் காளான் பொறுக்கித் திரிகிற உங்கள் பெண்தான் என் பேத்திக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் என்றபோது, நீ என்னைப் பார்த்தாய். வகுப்பில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து அதை என் வாயாலேயே கேட்டவள் நீ. நான் சொல்லவில்லை. வாத்தியார் தப்பாகச் சொல்லிக் கொடுத்தார் என்ற பேச்சு வந்தால் அந்த வகுப்புக்குப் பிள்ளைகளை யார் அனுப்புவார்கள் என்று அப்போது கணக்குப் போட்டேன். அதோடு விட்டேனா? மாலையில் உன் குறிப்பேடுகளையும், நீ பெட்டியில் அடுக்கி வைத்திருந்த பொடிப் பதிவுத் தாள்களையும் பின்கட்டில் போட்டுக் கொளுத்தினேன். பின்கட்டானாலும் தெருவுக்குப் புகை தெரியட்டும் என்றுதான் கொளுத்தினேன். குப்பையில் முளைப்பதைப் படிப்பதற்கா உன்னைப் படிக்க வைத்தேன் என்று பிற்பாடு நான் சத்தம் போட்டதெல்லாம் இதை மூடி மறைக்கத்தான். நீ அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதே படிப்பைப் படித்தாய். உன் கட்டுரைகள் அச்சான இதழ்களை நூலகத்தில் கேட்டு வாங்கி, புரியாத பக்கங்களையும் புரட்டியிருக்கிறேன் என்பதை யாரிடமும் சொன்னதில்லை.

விழா நடக்கும் இடம் ஹோவிக் பக்கம், நம் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரப் பயணம். தங்குவதற்கு அங்கேயே இடம் எடுத்திருப்பாய். பேச்சாளர்களுக்கு அது வசதிதான். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் பக்கி வண்டியில் கூட்டிப்போகிறேன் என்கிறான். உன் பேச்சு பதினொன்றரைக்கு என்பதால் நாங்கள் எட்டு மணிக்கே புறப்பட்டுவிடுவோம். வெள்ளிக் காசைப் பற்றிச் சொல்லும்போது எடுத்துக்காட்டு தேவைப்பட்டால் டொங்காட்டில் ஒரு தமிழ் வாத்தியார் என்று சொல், அல்லது என் அப்பா என்று சொல். அதுவும் வேண்டாம் என்றால் கேள்வி நேரத்தில் நானே எழுந்து சொல்கிறேன். தெருக்கோடி வீட்டில் இப்போது அந்தப் பேத்தியும் அவள் கணவரும்தான் இருக்கிறார்கள். நேற்று மாலை அங்கே போய்ச் சொல்லிவிட்டேன். அவள் எனக்குத் தேநீர் கொடுத்தாள். விழாவுக்கு அவளும் வருகிறாள்.

நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா என்பதை மட்டும் ஒரு வரி எழுது.

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: சனிக்கிழமை மழைக்குப் பிறகு மகோவே கிடைத்தது. ஆயாவின் பழைய புற்றுப் பக்கம் நானே போய், வேரை விட்டு அறுத்துக்கொண்டு வந்தேன். அம்மா கழுவி ஃப்ரீசரில் வைத்திருக்கிறாள். உன் அறை மெத்தையையும் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். காளானை நீ ஒருமுறை பார்த்துச் சரி என்று சொன்ன பிறகுதான் சமைப்பாளாம்.