ராத்திரி டியூட்டி லேப் தம்பிக்கு

லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்) உள்ள தங்கச்சி, சிறுநீரகம் பாதித்து ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். இப்போது அவளுக்கு பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணு) ஏறத் தொடங்கிவிட்டது. சிறுநீரும் நன்றாகப் போகிறது. நடந்ததையெல்லாம் முழுசாகச் சொல்லத் தெம்பில்லை. விசாரித்த எல்லாருக்கும் நன்றி. ஆனால் முதல் நன்றி அந்த லேப் தம்பிக்குத்தான்.

மெஷின் பிளேட்லெட் குறைவு என்றால் அப்படியே அச்சடித்துக் கொடுத்துவிடலாம். நடுராத்திரியில் மைக்ராஸ்கோப்பில் யார் கண்ணை வைக்கப் போகிறார்கள்? ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. ரசாயனம் போட்ட குழாயில் பிளேட்லெட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, எண்ணிக்கை பொய்யாகக் குறைவதுண்டு. அதைச் சரிபார்க்கத்தான் தம்பி ஸ்லைடு போட்டார். ஒட்டல் இல்லை. சிவப்பணுக்கள்தான் பிய்ந்து, சிலது ஹெல்மெட் வடிவில் கிடந்தன. பொடிப்பொடி ரத்தக்குழாய்களில் அடைப்பு விழுந்து, அதற்குள் நுழையும் அணுக்கள் கிழிகின்றன என்று அர்த்தம். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறியதற்கு லூபஸ் நெஃப்ரைட்டிஸ் (லூபஸால் வரும் சிறுநீரக அழற்சி) மட்டும்தான் காரணம் என்று எல்லாரும் நினைத்திருந்த நேரம் அது.

ரிப்போர்ட் அடிக்கும்வரை காத்திராமல் வார்டுக்குப் போன் போட்டார். "பிளாஸ்மா, ஹெப்பாரின் எது போடுறதுக்கும் முன்னாடி ரெண்டு நீல மூடிக் குழாய் எடுத்துடுங்க சிஸ்டர். கோடு வரைக்கும் நிரம்பணும்."

நீல மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க இருக்கும் 0.3 மி.லி. சிட்ரேட்டுக்கு 2.7 மி.லி. ரத்தம், அதுதான் அந்தக் கோடு. ரத்தம் குறைந்தால் சிட்ரேட் மிஞ்சி, உறையும் நேரம் தவறாக நீண்டு காட்டும். ஒரு குழாய், பொடி ரத்தக்குழாய்களில் தேவையில்லாமல் அடைப்பு விழாமல் காக்கும் அடாம்ட்ஸ்13 நொதிக்கு. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டி.டி.பி. (இந்த நொதி இல்லாமல் அடைப்பு விழும் நோய்), வைத்தியமே மாறும். பிளாஸ்மா (தானம் கொடுத்தவரின் ரத்தத் திரவம்) ஏறிய பிறகு எடுத்தால் கொடுத்தவரின் நொதி கலந்துவிடும், வரும் எண்ணை நம்ப முடியாது. இன்னொரு குழாய் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட்டுக்கு (பெயருக்கு மாறாக, உடம்பில் ரத்தத்தைக் கட்டவைக்கும் எதிர்ப்புப் பொருள்), அந்த டெஸ்ட்டை ஹெப்பாரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) குழப்பும். நொதி போதுமான அளவு இருந்தது, ஆன்டிகோயாகுலன்ட் பாசிட்டிவ். இப்போது ஹெப்பாரினிலிருந்து வார்ஃபரின் மாத்திரைக்கு மாற்றியிருக்கிறார்கள், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்) 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 12 வாரம் கழித்து ஆன்டிகோயாகுலன்ட் டெஸ்ட்டை மறுபடி எடுத்து உறுதி செய்வார்கள்.

பிளேட்லெட் ஏறட்டும் என்று சிறுநீரக பயாப்ஸியை (ஊசியால் சதைத் துணுக்கு எடுப்பதை) தள்ளிவைத்த டாக்டர், அவளுடைய பிளாஸ்மாவை எடுத்துவிட்டு தானப் பிளாஸ்மா மாற்றும்போது உதடு மரக்கிறது என்றதும் கால்சியம் குளுக்கோனேட் போட்ட சிஸ்டர், உறைந்த பிளாஸ்மாவை 37 டிகிரி தண்ணீரில் பை பையாக உருக்கிக் கொடுத்த ரத்த வங்கிக்காரர்கள், பக்கத்துப் படுக்கை அக்கா, எல்லாருக்கும் கும்பிடு.

ஒரு தடவை மாற்றவே பத்துப் பன்னிரண்டு பை பிளாஸ்மா. இனி எங்கள் வீட்டு ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் ரத்தம் கொடுப்போம்.